கணக்கு நோட்டு யார் கையில்?

1987 மார்ச் 25ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்று, மொட்டைக் கோபுரம் என்றே பேர் வாங்கியிருந்த தெற்கு வாசல், 13 நிலையும் 236 அடியுமாக எழுந்துவிட்டது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் தொடங்கிவைத்த வேலை அது. பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு நிலை என்று ஏற்றுக்கொண்டார்கள். பேர் தெரியாதவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அன்றைக்கு ஸ்ரீரங்கத் தீவுக்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம்.

அதே வருஷம் திருச்சியில் கிராமாலயா என்றொரு சின்ன அமைப்பு தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம், 1986இல், ஸ்கோப் என்ற அமைப்பும் ஏ.எஸ்.ஏ. என்ற அமைப்பும் இதே ஊரில் தொடங்கியிருந்தன. எந்தப் பத்திரிகையும் அதைப் பெரிதாகப் போட்டிருக்காது. வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டிய வயதில் நான்கைந்து இளைஞர்கள், ஒரு வாடகை அறை, ஒரு சைக்கிள், கையில் ஒரு மனு என்றுதான் அந்தக் காலத்துத் தொண்டு நிறுவனம் இருந்தது. இன்று இந்த மூன்றில் ஒன்றின் கிளை ஒரு பெரிய வங்கிக்குள் கலந்துவிட்டது. மற்ற இரண்டின் நிறுவனர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. இடையில் ஏறக்குறைய நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷத்தில் இவர்கள் போன கிராமங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க எத்தனையோ வழி உண்டு. கணக்கு எழுதின நோட்டு யார் கையில் இருந்தது என்று பார்ப்பது என் வழி.

திருச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைக்கோட்டை, காவிரி, வாழைத்தோப்பு. தொட்டியம், முசிறி, அந்தநல்லூர், லால்குடி என்று ஆற்றை ஒட்டின பகுதிக்கு அந்தப் படம் பொருந்தும். தெற்கே மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிக்குப் போனால் செம்மண்ணும் கல்லும். வடக்கே துறையூர், உப்பிலியபுரம், அதற்கு மேல் பச்சைமலை. அன்றைய திருச்சி மாவட்டத்தில் கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்திருந்தன. அவை பிரிந்தது 1995இல்தான். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கல் உடைக்கப் போவது என்று வாழ்ந்த ஊர்கள் இவை. ஆற்றங்கரை ஊரிலும் நிலம் இல்லாதவர்களுக்கு நிலைமை வேறில்லை. தண்ணீர் பாய்ந்தது அடுத்தவர் வயலில்.

அந்த வீடுகளில் நோட்டு இல்லை. நோட்டு வட்டிக்காரரிடம் இருந்தது, பண்ணையாரிடம் இருந்தது, கொஞ்சம் மளிகைக்கடைக்காரரிடமும் இருந்தது. 850 ரூபாயைக் கையில் கொடுத்து 1000 என்று எழுதிக்கொண்டு, நாளுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் வசூலிக்கிற தண்டல் ஒரு வகை. மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்குகிற கந்து வட்டி இன்னொரு வகை. எழுதினதைப் படிக்கத் தெரியாதவர் என்ன கட்டினோம், என்ன பாக்கி என்பதை எழுதினவர் வாயால்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் கரிக்கோடு போட்டு வைத்த பாட்டிமார் உண்டு. அந்தக் கோடு எந்தப் பஞ்சாயத்திலும் செல்லாது.

உதவி செய்கிற மரபே அன்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்ரீரங்கம் உதவிக்குப் பேர்போன ஊர். கோயிலுக்குள் ஆரோக்கியசாலை நடந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. சத்திரங்கள் இருந்தன. ஏழை வீட்டுப் பையன் படிக்க வந்தால் திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு வீட்டில் முறைவைத்துச் சாப்பாடு போட்ட வாரச் சாப்பாடு இருந்தது. அப்படிப் படித்துப் பெரிய வேலைக்குப் போனவர்கள் பலர். ஆனால் அந்த இலையில் உட்கார எல்லாச் சாதிப் பையனுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். கொள்ளிடத்துக்கு அந்தப்புறம் இருந்த சேரியிலிருந்து வந்த பையனுக்கு மிஷன் பள்ளி, அரசு விடுதி, இரண்டும் இல்லாவிட்டால் மாடு மேய்ப்பது.

அந்த இடைவெளியில் முதலில் பெரிதாக நுழைந்தது அரசுதான். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. காமராஜர் காலத்து மதிய உணவை விரித்து, கிராமத்துக் குழந்தை ஒவ்வொன்றையும் எட்டப் பார்த்த திட்டம். பின்னால் வந்த தொண்டு நிறுவனங்கள் மாலை வகுப்பு நடத்த முடிந்ததற்கு ஒரு காரணம், பிள்ளைகள் அதற்குள் பகலில் பள்ளிக்கூடம் வரப் பழகியிருந்தார்கள் என்பது. தொண்டு நிறுவன ஆண்டறிக்கைகள் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எண்பதுகளில் கிராமத்துக்குப் போன இளைஞரை ஊர் முதலில் சந்தேகப்பட்டது. மதம் மாற்ற வந்தவரா, நக்சலைட்டா, அடுத்த தேர்தலுக்கு ஆள் பிடிக்கிறாரா? ஏ.எஸ்.ஏ.வின் தொடக்கமே நிலமில்லாத தலித் மக்களைத் திரட்டுவதில்தான். தேவராஜ் என்பவர் தொடங்கிய அந்த அமைப்பின் பெயரிலேயே சமூக மாற்றுக்கான செயல்வீரர்கள் என்ற அர்த்தம் இருந்தது. பட்டா, கூலி, சுடுகாட்டுப் பாதை என்று மனு எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடப்பதுதான் அன்று தொண்டு. இரவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வகுப்பு. பாடத்தைவிடக் கூட்டம் முக்கியம். பத்துப் பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே பல ஊரில் புதுசு.

மனு எழுதிப் பட்டா கிடைத்தது, கூலியும் கொஞ்சம் ஏறியது. ஆனால் அடுத்த நாள் காலையில் அடுப்பு எரிய வட்டிக்காரர் வாசலுக்குத்தானே போகவேண்டியிருந்தது? போராடின ஆளும் கடன்காரர்தான். பண்ணையாரை எதிர்த்து நின்றவர் பண்ணையாரிடமே கை நீட்டினால் போராட்டம் எத்தனை நாள் நிற்கும்? தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஒன்றடுத்து ஒன்றாகச் சேமிப்பு, கடன் பக்கம் திரும்பியதற்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது. வெளியிலிருந்தும் காற்று அடித்தது. வங்காளதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்த யூனுஸின் கிராமீன் வங்கி உலகம் பூரா பேச்சாகியிருந்தது. 1989இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1997–98இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

இந்த இடத்தில்தான் நோட்டு கை மாறியது. மகளிர் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் கடன் தொகையைத்தான் எழுதுகிறார்கள். எனக்குக் குழுவின் தீர்மான நோட்டு பெரிய விஷயமாகப் படுகிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள். வாரம் பத்தோ இருபதோ சந்தா. ஊக்குநர் என்று ஒருவர், பிரதிநிதிகள் இரண்டு பேர். கூட்டம் தொடங்கியதும் தேதி, வந்தவர் பேர், வராதவர் பேர், போன கூட்டத்துத் தீர்மானம். இன்னாருக்கு ஆட்டுக்குட்டி வாங்க 2000 கொடுப்பது என்று முடிவு. வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு என்று பெரும்பாலான குழுக்கள் வைத்துக்கொண்டன. வெளிக்கடனைப் பார்க்கையில் அது குறைவு. அந்த வட்டியும் குழுவுக்குள்ளேயே தங்கியது. யார் அவசரம் பெரிது என்று அங்கேயே சண்டை போட்டு முடிவு செய்தார்கள். சண்டை போட்டதும் சில நோட்டுகளில் பதிவாகியிருக்கும், கொஞ்சம் நாகரிகமான நடையில்.

கைரேகை வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றது இதே காலம்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991–92இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளும் சேர்ந்து ஓடியது. ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்தார்கள். திருச்சி மாவட்டத்து எல்லைக் கிராமங்களிலும் அந்தச் சேதி பரவியது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஓட்டுகிற பெண்ணை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கிண்டல் செய்தவர்கள் பிறகு தம் வீட்டுப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

கழிப்பறை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். திருச்சி இந்தியாவுக்கே பாடம் சொன்ன துறை அது. தொண்ணூறுகள் வரைக்கும் கிராமத்துப் பெண் வெளிக்குப் போக இருட்டுக்காகக் காத்திருந்தாள். விடியுமுன், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. இடையில் வயிறு கலங்கினால் அடக்கிக்கொள்ள வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கு வீட்டார் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இத்தனைக்கும் அரசு மானியம் இருந்தது. மானியத்தில் கட்டின கழிப்பறையில் விறகும் கோழிக்கூடும் இருந்தன. தண்ணீர் இல்லை, குழி நிறைந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொள்வதா என்ற அருவருப்பு வேறு.

கிராமாலயாவின் தாமோதரன் இதைக் கட்டட வேலையாகப் பார்க்கவில்லை. பெண்கள் குழுவைத்தான் முதலில் அமைத்தார்கள். திருச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிப் பாழாகிக் கிடந்த பொதுக் கழிப்பறைகளை அந்தந்தத் தெருப் பெண்கள் எடுத்து நடத்தினார்கள். ஷீ டீம் என்று அந்தக் குழுக்களுக்குப் பேர். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஐம்பது காசு. சிறு பிள்ளைகளுக்கு இலவசம், அவர்கள் உயரத்துக்குத் தனிக் கழிப்பறை. வந்த காசில் துப்புரவு செய்பவருக்குச் சம்பளம், கரண்டு பில், பினாயில், ரிப்பேர். மிச்சம் இருந்தால் தெருவுக்கே ஏதாவது. அந்த வரவுசெலவும் நோட்டில்தான் ஏறியது. நோட்டும் அந்தப் பெண்களிடமே இருந்தது. 2002இல் கல்மந்தைக் குடிசைப் பகுதி வெளியில் மலங்கழிப்பதை அறவே நிறுத்தியது. மறு வருஷம் தொட்டியம் ஒன்றியத்துத் தாண்டவம்பட்டி, நாட்டிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் கிராமம் என்று கிராமாலயா பதிவு செய்திருக்கிறது. 2015இல் நாடு முழுக்க நகரங்களைத் தரம் பார்த்தபோது மைசூருக்கு அடுத்து இரண்டாவதாகத் திருச்சி வந்தது. மறு வருஷம் மூன்றாவது. மாநகராட்சிக்குக் கிடைத்த அந்தப் பேரில் டோக்கன் கொடுத்த பெண்களுக்கும் பங்கு உண்டு.

முசிறியில் கதை வேறு மாதிரி. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் நெல்வயல். தோண்டினால் சில அடியில் தண்ணீர். அங்கே குழிக் கழிப்பறை கட்டினால் குழி ஊற்றெடுக்கும், மலம் கிணற்றுக்குப் போகும். ஆகவே கழிப்பறை கட்டினாலும் கெடுதல், கட்டாவிட்டால் ஆற்றங்கரை. முசிறிக் கரையில் ஒதுங்கியது முக்கொம்பு வழியாக ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் தலைமுழுகுகிறவர்களுக்குத்தான் வந்து சேரும். புண்ணியத்தோடு சேர்ந்து அதுவும். ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன் இதற்குத் தண்ணீரை நம்பாத கழிப்பறையைக் கொண்டுவந்தார். தரைக்கு மேலேயே இரண்டு அறை. மலம் ஒரு துளையில், சிறுநீர் தனி வழியில், கால் கழுவும் தண்ணீர் இன்னொரு வழியில். போனபின் ஒரு கை சாம்பல். ஒரு அறை நிறைந்தால் மூடிவைத்துவிட்டு மற்றதைத் திறப்பது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது உலர்ந்து எருவாகும். சேர்த்த சிறுநீரை வாழைக்கு இட்டுப் பார்த்த ஆய்வும் நடந்தது.

2006இல் முசிறி சாலியர் தெருவில் இந்த முறையில் ஒரு பொதுக் கழிப்பறை வந்தது. அங்கே கொஞ்ச நாளில் நடந்தது உலகச் செய்தியானது. பயன்படுத்தினவருக்கு அமைப்பே தடவைக்கு 10 காசு கொடுத்தது. நகரத்தில் காசு கொடுத்துப் போகிறோம், முசிறியில் போனால் காசு. சிரிப்பாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஏழையின் உடம்பிலிருந்து வருவதும் உரம்தான், உரத்துக்கு விலை உண்டு என்று ஒத்துக்கொண்ட இடம் அது. பத்துக் காசை வைத்து என்ன வாங்கமுடியும் என்று கேட்டால் ஒன்றும் வாங்கமுடியாது. ஆனாலும் அட்டையில் கணக்கு ஏறியது, கணக்கு அவர் பேரில் இருந்தது. சுப்புராமனுக்கு 2021இலும் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பக்கத்துப் பக்கத்து வருஷங்களில், ஒரே மாவட்டத்துக்கு, கழிப்பறைக்காக.

இன்று கிராமத்தில் கழிப்பறை கௌரவப் பொருளாகிவிட்டது. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கழிப்பறை உண்டா என்று விசாரிக்கிறார்கள். 2007இல் கிராமாலயாவின் கிளையாக உண்டான கார்டியன் நிறுவனம் கழிப்பறைக்கும் குடிநீர் இணைப்புக்கும் மட்டுமே கடன் தருகிறது. மானியத்துக்குக் காத்திருந்த காலம் போய், தவணை கட்டிக் கழிப்பறை கட்டும் காலம். கடன் வாங்கிக் கட்டினதை யாரும் விறகுக் கொட்டகையாக விடமாட்டார்கள் என்பது அதன் தர்க்கம், அது பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

கடனின் இன்னொரு முகத்துக்கு ஏ.எஸ்.ஏ.விடம் திரும்ப வேண்டும். 1993இல் அந்த அமைப்பு கிராமீன் வங்கியின் மாதிரியில் கிராம விடியல் என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து பெண்கள் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்டர், வாராவாரம் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. ஜாமீன் கேட்கவில்லை, நிலப் பத்திரம் கேட்கவில்லை. வங்கி வாசலை மிதிக்காத பெண்ணுக்கு அது பெரிய திறப்பு. திட்டம் வளர்ந்தது. 2007–08 வாக்கில் நிதி நிறுவனமானது. சிலிக்கன் பள்ளத்தாக்கு முதலீட்டாளர் வினோத் கோஸ்லா அதில் பணம் போட்டார். 2016இல் ஐ.டி.எஃப்.சி. வங்கி அதை வாங்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நிலமற்றவர்களின் சங்கமாகத் தொடங்கியது முப்பது வருஷத்தில் வங்கியின் கிராமக் கிளை வரிசையாக முடிந்தது.

இதைத் துரோகம் என்று சொல்கிறவர்கள் திருச்சியில் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இருபத்தைந்து சதவீதத்தை ஒட்டின ஆண்டு வட்டியை மாதம் பத்து வட்டியோடு ஒப்பிட்டால் எது யாருக்கு லாபம் என்று எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் தெரியும். தையல் மெஷின், கறவை மாடு, இட்லிக் கடை என்று அந்தக் கடனில் பிழைத்த குடும்பங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஆனால் ஒன்று நழுவிப்போனது. வாராந்திரக் கூட்டம் வசூல் கூட்டமாகிவிட்டது. வந்தவர் பட்டா பற்றியோ கூலி பற்றியோ விசாரிப்பதில்லை, டியூ கட்டியாச்சா என்று கேட்கிறார். தீர்மான நோட்டு இல்லை, டேப்லெட் இருக்கிறது. பெண்ணிடம் ஒரு அட்டை, கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. பாக்கி எவ்வளவு என்பதை மறுபடியும் எதிராளி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலை.

ஒரு நிறுவனம் மட்டும் இருந்தவரை சமாளிக்க முடிந்தது. பிறகு தெருவுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒன்றில் வாங்கி இன்னொன்றுக்குக் கட்டுவது, மூன்றாவதில் வாங்கி இரண்டாவதை அடைப்பது. செவ்வாய்க்கிழமை ஒரு டியூ, வெள்ளிக்கிழமை ஒரு டியூ. அண்டைவீட்டுக்காரி கட்டாத அன்று அவள் வாசலில் போய் உட்கார வேண்டியவள் அவள் சிநேகிதியேதான், ஏனென்றால் இவள்தான் அவளுக்கு ஜவாப்தாரி. பண்ணையார் காலத்தில் வட்டிக்காரரைத் திட்ட ஊரே ஒன்றாக நிற்கும். இப்போது யாரைத் திட்டுவது? 2010இல் ஆந்திரத்தில் இது வெடித்து, அங்கே அவசரச் சட்டமே கொண்டுவந்தார்கள். ரிசர்வ் வங்கி 2011இல் வட்டிக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வேறொரு கோடு போட்டது. 2025இல் தமிழ்நாடு அரசு, கடனை மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் ரிசர்வ் வங்கி சொன்ன அந்தக் குடும்ப வருமானம் எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதுகிறவர் கடன் கொடுக்க வந்தவர்தான் என்பதால், அந்தப் பாதி என்பது எந்த முழுதின் பாதி என்பது இருவருக்கும் தெரிந்த ரகசியம்.

தொண்டு நிறுவனங்களுக்கு வருகிற பணமும் மாறிவிட்டது. எண்பதுகளில் ஐரோப்பியத் திருச்சபைகளும் உதவி அமைப்புகளும் கொடுத்தன. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று ஊரில் சும்மா உட்கார்ந்து பேச அந்தப் பணம் அனுமதித்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், ஒரு அமைப்பு வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவை 20 சதவீதத்தோடு நிறுத்தியது. டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் பணம் வந்து இறங்க வேண்டும் என்றது. பெரிய அமைப்பிடம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த மணப்பாறை, துறையூர் சின்ன அமைப்புகளுக்குப் பிழைப்பு கஷ்டம். மறுபக்கம், 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு மார்ச் மாதம் முடிவதற்குள் படம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும்.

அதனால்தான் எங்கே பார்த்தாலும் தையல் மெஷின். பேனர், வரிசையாக இருபது மெஷின், பின்னால் இருபது பெண்கள். முந்நூறு வீடுள்ள ஊரில் எத்தனை பேர் ரவிக்கை தைத்துப் பிழைக்க முடியும் என்று கொடுக்கிறவர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சுடுகாட்டுப் பாதைக்கு மனு எழுதும் வேலைக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. அதைப் படம் எடுத்துப் போடவும் முடியாது.

ஊரிலேயே இருந்த தொழில்களுக்கு வந்த மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. சிறுவர்களும் அந்தச் சக்கரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவதே பல அமைப்புகளின் முதல் கல்வி வேலை. பின்னால் இயந்திரம் தீட்டிய சீனக் கல் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நல்லது, தீட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். முசிறியின் கோரைப்பாய்க்குப் பிளாஸ்டிக் பாய் போட்டி. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைக்கு 1993இல் தேசிய ஆராய்ச்சி மையமே திருச்சியில் வந்தது, பழம் விற்ற ஊரில் நாரும் மாவும் விற்கப் பயிற்சி தருகிறார்கள்.

கல்வியில்தான் அன்றுக்கும் இன்றுக்கும் தூரம் அதிகம். பெட்ரோமாக்ஸ் வகுப்புக்கு இன்று தேவை இல்லை. காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி, மறு வருஷம் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. ஸ்ரீரங்கம் வட்டத்து நவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. வாரச் சாப்பாட்டுக்கு அலைந்த ஸ்ரீரங்கத்தில் 2012 முதல் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தொண்டு நிறுவனங்கள் செய்து காட்டியதை அரசு எடுத்துக்கொண்டது பாதி, அரசு தானாகவே செய்தது பாதி.

அப்படியானால் அமைப்புகளுக்கு என்ன மிச்சம்? பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதியான பெரம்பலூர் தேனூரில் 2005 முதல் பயிர் என்ற அமைப்பு வேலை செய்கிறது. வெளிநாட்டு வேலையை விட்டு வந்த ஒரு பொறியாளர் தொடங்கியது. மருத்துவம், மாலைக் கல்வி, சிறுதானியத் தின்பண்டத் தயாரிப்பு எல்லாம் ஒரே கிராமத்திலிருந்து. பரவுவதைவிடத் தங்குவதை முக்கியமாக நினைக்கிற வகை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ஷெப்பர்டு திட்டத்தில் மாணவர்கள் கிராமங்களுக்குப் போய்ப் பாடம் சொல்லித்தருகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வராதது இன்றும் பெரிய பிரச்சினை. பள்ளிக்கூடம் இருக்கிறது, சோறு இருக்கிறது, பஸ் இலவசம். பாடம் புரிவது மட்டும் தனியாக நடக்க வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியில் பாடம் புரியும் என்று நம்பாத தாய்மார்தான் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். ஜூன் மாதத்தில் நுண்கடன் நிறுவனங்களுக்கு ஏன் கூட்டம் கூடுகிறது என்பதற்கு இது ஒரு பதில். மாட்டுக்கு என்று வாங்கின கடன் எல்.கே.ஜி. பீஸாகப் போகிறது. படிவத்தில் நோக்கம் என்ற கட்டத்தில் கறவை மாடு என்றுதான் இருக்கும், ஏனென்றால் அப்படி எழுதினால்தான் தொழில் கடன்.

ஒவ்வொரு வருஷமும் திருச்சிக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறை மாணவர்கள் கேள்வித்தாளோடு இந்த ஊர்களுக்கு வருகிறார்கள். எத்தனை கடன், எவ்வளவு தவணை, எத்தனை பேர் உறுப்பினர் என்று கேட்டு நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் குழுவின் பழைய தீர்மான நோட்டு இருக்கிறதா அக்கா என்று கேளுங்கள். இருந்தால் கடைசியாக எழுதின பக்கத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அந்தத் தெருவில் யார் யார் கடன் கொடுக்க வந்தார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். ஆய்வேட்டுக்கு முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.